என்ன பார்க்கலாம்? வாட்ச்லிஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சொந்தக்காரர்களுக்குள் "நல்ல படமா ஒண்ணு சொல்லேன்" என்று கேட்கப்படும் ஆள் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். சித்தி மகன், ஆபீஸ் நண்பர், பக்கத்து வீட்டு அக்கா என்று ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டால், கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு நான் படம் பார்க்கப் போகலாம் அல்லவா?

பட்டியலில் 90 படம் சேர்த்து வைத்திருக்கிறேன். ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்தால் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறதே, ஏன்?

சேர்த்த ஆள் வேறு, பார்க்க உட்காரும் ஆள் வேறு. மதியம் எங்கேயோ ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு மூன்று மணிநேரக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சேர்க்கிறவர் சுறுசுறுப்பானவர், உலக சினிமாவைக் கரைத்துக் குடிக்கத் தயாராக இருப்பவர். ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கு டிபனுக்கு என்ன என்ற யோசனையோடு சோபாவில் சாய்கிறவருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அவருக்கு வடிவேலு போதும்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இன்றைக்குப் பார்க்க ஒரு படம், சில நாள் கழித்துப் பார்க்க வேறு படங்கள் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கு என்றால் பெரும்பாலும் ஜாலியான படம். பின்னால் பார்க்க என்றால் கனமான படங்களும் பட்டியலில் ஏறின. 2009-இல் இன்னொரு ஆய்வு, ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு டிவிடி அனுப்பி வாடகை வாங்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தது. 'பார்க்க வேண்டிய' படங்களை மக்கள் அதிக நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். 'பார்க்க ஆசையான' படங்கள் சீக்கிரம் திரும்பி வந்தன. ஆக, உங்களுக்கு மட்டும் வந்த சோம்பல் இல்லை இது.

நான் செய்தது, பட்டியலை இரண்டாக உடைத்தேன். ஒன்று 'ராத்திரிக்கு'. இன்னொன்று 'ஞாயிற்றுக்கிழமை காலைக்கு'. கனமான படங்கள் எல்லாம் இரண்டாவதில் போய்விடும். ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டு முடித்து, காய்கறி வாங்கக் கிளம்பும் முன் கிடைக்கும் அந்த இரண்டு மணிநேரத்தில் தூக்கம் வராது, போனும் அதிகம் அடிக்காது. பல வருஷமாகத் தள்ளிப்போட்ட படங்களை இப்படித்தான் பார்த்து முடித்தேன்.

பட்டியலில் எத்தனை படம் இருக்கலாம்?

ராத்திரிப் பட்டியலில் 15. பதினாறாவதைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றை எடுங்கள். ஒரு வருஷமாகக் கை வைக்காத படத்தை எடுத்துவிட்டால் அது கோபித்துக்கொள்ளாது.

பட்டியலை எங்கே வைத்துக்கொள்வது? ஓடிடி தளத்திலேயே போதாதா?

போதாது. தளத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை வாங்கிப் போடப்பட்டவை. உரிமைக் காலம் முடிந்தால் படம் போய்விடும், உங்கள் பட்டியலில் இருந்தும் மறைந்துவிடும். மறைந்தது என்ன படம் என்றுகூட நினைவுக்கு வராது, அதுதான் கொடுமை. ஒரு தளத்தில் பாதி பார்த்து நிறுத்திய தொடரை மறுநாள் தேடினால் ஆளையே காணோம். கடைசி இரண்டு எபிசோட் பாக்கி. கொலை செய்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. (தெரிந்தவர்கள் சொல்லாதீர்கள், என்றாவது கிடைக்கும்.)

வெளியே வைக்க வசதிகள் உண்டு. நியூசிலாந்துக்காரர்கள் 2011-இல் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்டில் படங்களைப் பட்டியல் போடலாம், பார்த்ததைத் தேதியோடு குறித்து வைக்கலாம். ஜெர்மனியில் பிறந்த ஜஸ்ட்வாட்சில் படத்தின் பெயரைப் போட்டால் நம் நாட்டில் அது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டும், தொடர்களையும் சேர்க்கலாம். தமிழ்ப் படங்களுக்கு இந்தத் தகவல் சில சமயம் பழசாக இருக்கும், போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

என்னுடையது நோட்டுப் புத்தகம். டிவி ஸ்டாண்டில், ரிமோட்டுக்குப் பக்கத்தில், நூல் கட்டிய பென்சிலோடு கிடக்கும். நூல் கட்டாத பென்சில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாங்காது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: பெயர், வருஷம், மொழி, யார் சொன்னார், என்ன சொல்லிச் சொன்னார், யாரோடு பார்க்கலாம். கடைசி மூன்றும்தான் முக்கியம். வெறும் பெயரை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அது மளிகைச் சிட்டை மாதிரி இருக்கும். "மச்சான் சொன்னது, கிளைமாக்ஸில் அழுதுவிட்டாராம், அம்மாவோடு வேண்டாம்" என்று இருந்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று உடனே தெரிந்துவிடும்.

வருஷம் எதற்கு?

நம் ஆட்கள் பழைய பெயர்களைத் திரும்பத் திரும்ப வைப்பதால். 'படிக்காதவன்' 1985-இலும் உண்டு, 2009-இலும் உண்டு. 'விக்ரம்' 1986-இலும் உண்டு, 2022-இலும் உண்டு, இரண்டிலும் கமல்ஹாசனே. அப்பாவிடம் "விக்ரம் பாருங்கப்பா, எல்லோரும் பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். அவர் தேடிப் பிடித்து 1986 படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வந்ததும், "ஏவுகணையைத் தேடிப் போற கதைக்கா இவ்வளவு பேச்சு? விஜய் சேதுபதி எங்கடா வர்றார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து வருஷம் எழுதுகிறேன்.

தளத்தின் முகப்பில் 'உங்களுக்காக' என்று வருகிறதே, அதை நம்பலாமா?

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். அடிப்படை எளிமையானது. உங்களைப் போலவே பார்க்கும் ஆயிரக்கணக்கான பேரைக் கணினி கண்டுபிடிக்கும். அவர்கள் பார்த்து, நீங்கள் பார்க்காதது எதுவோ அதை உங்கள் முன்னால் நீட்டும். டீக்கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை கம்மியா என்று தெரிந்து போடுகிற மாதிரி, ஆனால் கோடிக்கணக்கான முகங்களுக்கு.

இதற்காக நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் ஒரு பந்தயமே வைத்தது. சுமார் 4.8 லட்சம் சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்குக் கொடுத்த ஏறக்குறைய 10 கோடி மதிப்பெண்களை, பெயர்களை நீக்கி வெளியிட்டது. யார் எந்தப் படத்துக்கு எத்தனை ஸ்டார் போடுவார் என்பதை எங்கள் கணிப்பை விட 10 சதவீதம் துல்லியமாகக் கணித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் என்றது. மூன்று வருஷம் உலகம் முழுவதும் மண்டையைப் போட்டு உடைத்தார்கள். 2009-இல் ஒரு குழு ஜெயித்தது. அதே மதிப்பெண் வாங்கிய இன்னொரு குழு சுமார் 20 நிமிஷம் தாமதமாக அனுப்பியதால் தோற்றது. இதில் வேடிக்கை, ஜெயித்த அந்த முழு முறையை நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கும் லாபத்துக்கு அதைக் கட்டி இயக்கும் வேலை கட்டுப்படியாகவில்லை என்று பின்னால் அவர்களே எழுதினார்கள். அதற்குள், தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸில் ஸ்ட்ரீமிங்கே முக்கியமாகிவிட்டது. நீங்கள் போடும் ஸ்டாரை விட, எதை எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் பார்த்தீர்கள் என்பதே பெரிய தகவலாகிவிட்டது.

நாம் வாயால் சொல்வதும் விரலால் செய்வதும் ஒன்றில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆவணப்படத்துக்கு ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு, மூன்று ஸ்டார் போட்ட காமெடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். 2017-இல் ஸ்டார் முறையை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் மேலே, கீழே என்று மாற்றினார்கள். 2022-இல் ரொம்பப் பிடித்ததற்கு இரட்டைக் கட்டைவிரல் வந்தது.

முகப்பின் சக்தியைக் குறைத்து எடைபோட வேண்டாம். நெட்ஃபிளிக்ஸின் இரண்டு அதிகாரிகள் 2015-இல் எழுதிய கட்டுரையின்படி, அங்கே பார்க்கப்படும் நேரத்தில் சுமார் 80 சதவீதம் பரிந்துரை வழியாகவே போகிறது. தேடிப் பார்ப்பது மிச்சம் 20 மட்டும். 60 முதல் 90 வினாடிக்குள் ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் ஆள் எழுந்து போய்விடுவார் என்றும் அதில் இருக்கிறது. அந்த ஒன்றரை நிமிஷத்தில் உங்களைப் பிடித்து உட்கார வைக்கத்தான் அத்தனை ஏற்பாடும். படத்தின் போஸ்டர்கூட ஆளுக்கு ஆள் மாறும். 'குட் வில் ஹண்டிங்' படத்தையே அவர்கள் 2017-இல் உதாரணமாகக் காட்டினார்கள். காதல் படம் பார்ப்பவருக்குக் காதல் ஜோடி, காமெடி பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸ். படம் என்னவோ ஒன்றுதான். ஆகவே போஸ்டரில் சிரித்த முகம் இருக்கிறது என்று காமெடி என நினைத்து உட்காராதீர்கள்.

என் கணக்கு: பிடித்த ஒன்றைப் போலவே இன்னொன்று வேண்டும் என்றால் முகப்பு கெட்டிக்காரத்தனமாகவே சொல்லும். இதுவரை பார்க்காத ரகம் வேண்டுமென்றால் மனிதர்களிடம் கேளுங்கள்.

'டாப் 10' பட்டியல்?

ஊர் என்ன பார்க்கிறது என்று காட்டும். ஊருக்குப் பிடித்ததா என்று காட்டாது. முன்பு நெட்ஃபிளிக்ஸில் 2 நிமிஷம் ஓடினாலே ஒருவர் பார்த்த கணக்கு. 2023-இலிருந்து மொத்தம் பார்த்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து 'பார்வைகள்' என்று சொல்கிறார்கள். முன்னதை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் நான்கு பேர் கால் கால் பங்கு பார்த்துவிட்டு ஓடிப்போனால் அதுவும் ஒரு பார்வைதான்.

ஒரே கணக்கை வீடே பார்க்கிறது. எனக்குக் கார்ட்டூனும் பக்திப் படமும் வருகிறதே?

ஆளுக்கொரு ப்ரொஃபைல் போடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் ஐந்து வரை வைக்கலாம். பிள்ளைகளுக்கு என்று தனி ப்ரொஃபைல் உண்டு, உங்களுடையதற்குப் பின் நம்பர் போட்டுப் பூட்டலாம். இவ்வளவு செய்தாலும் அவசரத்தில் எல்லோரும் முதலில் தெரிகிற ப்ரொஃபைலைத்தான் அமுக்குவார்கள், அது உங்களுடையதாகவே இருக்கும். அப்போது கணக்குப் பகுதியில் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து, வேண்டாததை மறைத்துவிடுங்கள். 24 மணிநேரத்துக்குள் பரிந்துரையில் அதன் வாசம் போய்விடும். ப்ரொஃபைல் அமைப்பில் எந்தெந்த மொழிப் படங்கள் வேண்டும் என்று குறிக்கும் இடமும் இருக்கிறது. அங்கே தமிழையும் மலையாளத்தையும் டிக் செய்ததும் என் முகப்பு அடையாளமே தெரியாமல் மாறியது. தானாக ஓடும் முன்னோட்டச் சத்தத்தையும் அதே இடத்தில் நிறுத்தலாம், 2020-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. இதைச் செய்த அன்றைக்கு எங்கள் வீட்டு ஹாலில் வந்த அமைதி சொல்லி மாளாது.

ஐ.எம்.டி.பி. மதிப்பெண், ராட்டன் டொமேட்டோஸ் சதவீதம், எதைப் பார்ப்பது?

இரண்டும் வேறு வேறு சங்கதி. ராட்டனில் 95 சதவீதம் என்றால் விமர்சகர்களில் நூற்றுக்கு 95 பேருக்குப் பரவாயில்லை என்றாவது பட்டது என்று அர்த்தம், 100-க்கு 95 மார்க் என்று அர்த்தமில்லை. எல்லோரும் "ஓகே, ஒருமுறை பார்க்கலாம்" என்று சொன்ன படமும் 100 சதவீதம் வாங்கும். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து, பாதிப் பேர் திட்டிய படம் 50-இல் நிற்கும். எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் அந்த இரண்டாவது ரகம்.

ஐ.எம்.டி.பி. மக்கள் போடும் ஓட்டு. பெரிய நடிகர் படம் வந்த முதல் வாரம் அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு பக்கம் பத்துப் பத்தாகவும், எதிர் ரசிகர் பக்கம் ஒன்று ஒன்றாகவும் விழும். ஒரு மாதம் போகட்டும். அப்புறம் எண்ணை விட்டுவிட்டு, 5, 6, 7 போட்டவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். பத்து போட்டவரும் ஒன்று போட்டவரும் சண்டைக்கு வந்தவர்கள். ஆறு போட்டவர்தான் படம் பார்த்தவர்.

அப்படியானால் நல்ல படங்களை எங்கிருந்துதான் கண்டுபிடிப்பது?

நான் பெயர்களைப் பின்தொடர்கிறேன், அதிலும் நடிகர் பெயரை விட எழுதியவர் பெயரை. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். மலையாளத்தில் 'மகேஷிண்டே பிரதிகாரம்' என்று 2016-இல் ஒரு படம். இடுக்கிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு போட்டோகிராபர் தெருச் சண்டையில் அடி வாங்கிவிட்டு, திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போட மாட்டேன் என்று சபதம் எடுப்பார். தமிழில் அது 2018-இல் 'நிமிர்' ஆனது. எனக்கு மூலப் படம் பிடித்துப்போய், எழுதியது யார் என்று கடைசியில் ஓடிய பெயர்களை நிறுத்திப் பார்த்தேன். ஷியாம் புஷ்கரன். அவர் பெயரைப் பிடித்துப் போனால் 2019-இல் 'கும்பளங்கி நைட்ஸ்', 2021-இல் 'ஜோஜி'. இயக்கிய திலீஷ் போத்தன் பெயரைப் பிடித்தால் இன்னொரு பாதை. நடித்த ஃபகத் ஃபாசிலைப் பிடித்தால் அது முடியவே முடியாத பாதை. ஒரே ராத்திரியில் என் நோட்டில் ஏழு வரி ஏறியது, ஏழில் ஐந்து பழுதில்லை. எந்த முகப்பும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

தமிழிலும் இதைச் செய்யலாம். 2022-இல் 'சுழல்' தொடரைப் பார்த்துவிட்டு எழுதியது புஷ்கர்-காயத்ரி என்று கண்டவர்கள் 'விக்ரம் வேதா'வுக்கும், அங்கிருந்து 2007-இல் வந்த 'ஓரம் போ'வுக்கும் போகலாம். ஆட்டோ ரேஸை வைத்து அப்படி ஒரு படம் வந்ததே பலருக்குத் தெரியாது.

இன்னொரு வழி, திரைப்பட விழாக்களின் பட்டியல். சென்னையில் 2003-இலிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, 1996-இல் தொடங்கிய கேரள விழா இப்போது திருவனந்தபுரத்தில். இரண்டும் வழக்கமாக டிசம்பரில். நேரில் போக முடியாவிட்டாலும் திரையிடும் படங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ஏதாவது ஒரு தளத்தில் சத்தமில்லாமல் வந்து உட்காரும். வந்தது யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அரசுத் தளங்களையும் ஒரு கண் பாருங்கள். கேரள அரசு 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது, படத்துக்கு 75 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' கொண்டுவந்தது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளுக்காகவே அதைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். என் அம்மா அதில் ஒருவர்.

ட்ரெய்லர் பார்த்து முடிவு செய்யலாமா?

செய்யலாம், முதல் ஒரு நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டால். இப்போதைய ட்ரெய்லர்கள் இரண்டாம் பாதியில் கதையைச் சொல்லிவிடுகின்றன.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தனியாகப் பார்த்தால் மூல மொழியும் சப்டைட்டிலும். கூட்டமாகப் பார்த்தால், ஒருவர் அப்பளம் நொறுக்குவார், ஒருவர் போனைப் பார்ப்பார். தமிழ் டப்பிங் இருந்தால் அதுவே மேல். கொரியத் தொடர்களுக்கும் ஸ்பானியத் தொடர்களுக்கும் இப்போது தமிழ் டப்பிங் நிறையவே கிடைக்கிறது, சில நன்றாகவே இருக்கின்றன. மலையாளத்துக்கு மட்டும் டப்பிங் வேண்டாம் என்பது என் கட்சி. முதல் பத்து நிமிஷம் தடுமாறும், அப்புறம் காது பழகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். சில தளங்களில் வெளிநாட்டுத் தொடரைப் போட்டதும் ஆங்கில டப்பிங் தானாக ஓட ஆரம்பிக்கும். கொரியப் பாட்டி அமெரிக்க உச்சரிப்பில் பேரனைத் திட்டினால் ரிமோட்டை எடுத்து ஆடியோவை மாற்றுங்கள்.

இன்னொருவருக்குப் படம் சொல்வது எப்படி? நான் சொன்னால் யாருமே பார்ப்பதில்லை.

இதில் நான் பட்ட அடி அதிகம். பெரியப்பாவுக்கு ஈரானியப் படங்கள் பிடிக்கும் என்று தெரியும். அருமையான படம் ஒன்று கிடைத்தது, உடனே போன் செய்து சொன்னேன், பேரனை விட்டுப் போட்டுக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தேன். பெரியப்பா மரியாதைக்காக ஒன்றே முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சப்டைட்டில் ஒரு எழுத்துத் தெரியவில்லை. "ஒரு மனுஷன் காரை ஓட்டிக்கிட்டே போறான்டா, நல்லாத்தான் இருந்தது" என்றார். படத்தில் தப்பில்லை, பெரியப்பாவின் ரசனையிலும் தப்பில்லை. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் சொன்னது என் தப்பு. (சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க அமைப்பில் வழி இருக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.)

அதனால் இப்போது யாராவது படம் கேட்டால் பதில் சொல்வதற்கு முன் நான் மூன்று கேட்கிறேன். யாரோடு பார்க்கப் போகிறீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும்? கடைசியாக எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள்? "என்ன மாதிரிப் படம் பிடிக்கும்" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் "நல்ல படம் எதுவானாலும்" என்றுதான் சொல்வார்கள். பாதியில் நிறுத்தியதைக் கேட்டால் உண்மை வரும். "ரத்தம் ஜாஸ்தி", "ஒண்ணும் புரியல", "எல்லாரும் கத்திக்கிட்டே இருந்தாங்க." இதில் கிடைக்கிற தகவல் எந்த அல்காரிதத்துக்கும் கிடைக்காது.

அப்புறம், ஒரே ஒரு படம் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். ஆஹா ஓஹோ வேண்டாம். "வாழ்க்கையில இப்படி ஒரு படம் பார்த்ததில்ல" என்று அனுப்பி வைத்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு, சரி காட்டு பார்ப்போம் என்று உட்காருவார். அதில் எந்தப் படமும் தேறாது. குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "முதல் இருபது நிமிஷம் இழுக்கும், அந்தக் கல்யாண வீட்டுக் காட்சி வரை பொறுத்துக்கோ." இப்படிச் சொன்ன படங்களைத்தான் ஆட்கள் கடைசி வரை பார்க்கிறார்கள். கதையைச் சொல்லவே சொல்லாதீர்கள். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதும் கதையைச் சொல்வதுதான். முதல் காட்சியிலிருந்தே எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பார்த்தியா, பார்த்தியா?" என்று ஒருவர் நச்சரிக்கிறார். என்ன செய்ய?

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன், உங்க பேரும் போட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். எனக்கு இதுவரை வேலை செய்திருக்கிறது.

பிடிக்காத படத்தை எப்போது நிறுத்தலாம்?

படமென்றால் அரை மணிநேரம், தொடரென்றால் இரண்டு எபிசோட். ஒரு விதிவிலக்கு. நம் படங்கள் இடைவேளையை மனதில் வைத்து எழுதப்படுபவை. முதல் அரை மணி ஹீரோ அறிமுகம், பாட்டு, காமெடி என்று போய், கதை இடைவேளையை ஒட்டித்தான் வாயைத் திறக்கும். அதனால் தமிழ்ப் படத்துக்கு ஒரு மணிநேரம் கொடுக்கிறேன். "மூணாவது சீசன்ல இருந்து நல்லா இருக்கும்" என்று சொல்லப்படும் தொடர்களை மட்டும் தொடங்குவதே இல்லை. அதற்குள் பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விடும்.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

எங்கள் அம்மாவின் கேள்வி இன்னும் துல்லியமானது: "நடுவுல எந்திரிச்சு அடுப்பப் பார்க்கப் போக வேண்டி வருமா?"

தியேட்டருக்கு வரும் படத்துக்குத் தணிக்கை வாரியச் சான்றிதழ் உண்டு. ஓடிடிக்கு என்றே எடுக்கப்படும் தொடர்களுக்கு அது கிடையாது. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி தளங்களே யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாகப் பிரித்துக் குறிக்க வேண்டும். படம் ஆரம்பிக்கும்போது இடது மூலையில் ஓரிரு வினாடி அது தெரியும், பக்கத்திலேயே வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணமும் இருக்கும். அந்தக் காரணத்தைத்தான் படிக்க வேண்டும். 16+ என்பது கெட்ட வார்த்தைக்காக என்றால் அம்மா காதில் வாங்காமல் விடுவார். வேறு காரணம் என்றால் அடுப்பைப் பார்க்கப் போவார். இன்னும் விவரம் வேண்டுமானால் ஐ.எம்.டி.பி.யில் பெற்றோருக்கான பகுதி ஒன்று இருக்கிறது. எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்று பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். கதையும் கொஞ்சம் கசியும், தெரிந்தே போங்கள்.

தியேட்டரில் ஓடும் படம் எப்போது ஓடிடிக்கு வரும்?

தமிழ்ப் படங்கள் வழக்கமாக நான்கு வாரத்தில். இந்திப் படங்களுக்குப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. இந்த இடைவெளிக்காகத் தியேட்டர்காரர்களும் தயாரிப்பாளர்களும் மல்லுக்கட்டுவது புதிதில்லை. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் 'பொன்மகள் வந்தாள்' நேராகப் பிரைம் வீடியோவுக்குப் போனபோது தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தது நினைவிருக்கும். சின்னப் படங்களுக்கு இப்போது எதிர்ப் பிரச்சினை. உரிமையை வாங்கவே ஆள் வராமல் பல படங்கள் எந்தத் தளத்துக்கும் வருவதில்லை. சின்னப் படம் ஒன்று பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

தேடும் படம் எதிலுமே இல்லை. டெலிகிராமில் இருக்கிறதாம்...

அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பழைய தமிழ்ப் படம் என்றால் முதலில் யூடியூபில் பாருங்கள், உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே நூற்றுக்கணக்கில் முழுசாக ஏற்றியிருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நாடு மாறினால் தளத்தின் சரக்கும் மாறும். அவர்களுக்கு டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் மாதிரித் தளங்கள் இருக்கின்றன.

இத்தனை தளத்துக்கும் சந்தா கட்ட வேண்டுமா?

வேண்டாம். நோட்டில் தளவாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரு தளத்தில் பார்க்க வேண்டியவை ஆறு ஏழு சேர்ந்ததும் ஒரு மாதம் மட்டும் கட்டி, முடித்துவிட்டு, நிறுத்திவிடுங்கள். சந்தா எடுத்த அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட வேண்டும். அப்புறம் செய்யலாம் என்று விட்டால் அந்த அப்புறம் வராது, வங்கியிலிருந்து மெசேஜ்தான் வரும். இந்த முறையில் இன்னொரு நன்மை, காலக்கெடு இருப்பதால் உண்மையிலேயே பார்த்துவிடுவோம்.

சரி, இவ்வளவு சொன்னீர்கள். இன்றைக்கு ராத்திரிக்கு ஒரு படம் சொல்லுங்களேன்?

யாரோடு பார்க்கப் போகிறீர்கள்?